சதுரங்கப் பலகையிலிருந்து சமூக வலைத்தளம் வரை

'இனம் இனத்தோடு சேரும்' என்பது தமிழர் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் சொல். 'சிறு துளி பெரு வெள்ளம்' என்பதும் அப்படியே. இரண்டையும் தனித்தனியே சொன்னவர்கள் பலர். இரண்டையும் ஒன்றாக வைத்து, தனி மனிதர்களின் சின்னச் சின்ன விருப்பங்கள் பல்லாயிரமாகச் சேரும்போது என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலர் தொடங்கி வைத்த கணக்கு இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் தனி ஆய்வுத் துறையாக வளர்ந்து நிற்கிறது.

கணினிக்குள் ஆயிரக்கணக்கான கற்பனை மனிதர்களை உருவாக்கி, ஆளுக்கு இரண்டொரு விதியைக் கொடுத்து, அவர்களை நடமாடவிட்டு, அதிலிருந்து ஒரு சமுதாயம் எப்படி உருவெடுக்கிறது என்று பார்ப்பதுதான் அந்தத் துறையின் வேலை. அந்தக் கற்பனை மனிதருக்கு 'முகவர்' என்று பெயர். வீட்டு முகவர், காப்புறுதி முகவர் என்று அன்றாடம் புழங்கும் அதே சொல்தான். ஆனால் கணினித் துறையில் அதன் பொருள் சற்று வேறு. ஒவ்வோர் அடிக்கும் யாரும் கட்டளையிடாமல், தனக்குத் தரப்பட்ட விதியை மட்டும் வைத்துக்கொண்டு, சுற்றுப்புறத்தைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும் மென்பொருளுக்கு அங்கே முகவர் என்று பெயர்.

இது ஏதோ ஆய்வுக்கூடத்து விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு வட்டாரத்தில் யார் குடியிருக்கிறார்கள், ஒரு பாட்டு ஏன் ஊரெல்லாம் ஒலிக்கிறது, கைத்தொலைபேசியைத் திறந்ததும் எந்தச் செய்தி முதலில் கண்ணில் படுகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்தத் துறையின் வரலாற்றில் விடையின் ஒரு பகுதி இருக்கிறது.

மேசையில் விரிந்த காசுகள்

1960களின் பிற்பகுதியில் அமெரிக்க நகரங்கள் நிறத்தால் பிளவுபட்டுக் கிடந்தன. வெள்ளையர் வட்டாரம் ஒருபுறம், கறுப்பினத்தவர் வட்டாரம் மறுபுறம். கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதி வைத்த காலமும், அவர்கள் வாழும் வட்டாரங்களுக்கு வீட்டுக் கடன் மறுக்கப்பட்ட காலமும் அந்நாட்டு வரலாற்றில் உண்டு. 1968ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் அங்கே நடப்புக்கு வந்தது.

அந்தக் காலகட்டத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் தாமஸ் ஷெல்லிங்குக்கு ஒரு கேள்வி எழுந்தது. வெறுப்பையும் சட்டத்தையும் பணத்தையும் ஒதுக்கிவிட்டு, மனிதர்களுக்கு மிக இலேசான ஒரு விருப்பம் மட்டுமே இருப்பதாக வைத்துக்கொண்டால், அவர்கள் கலந்து வாழ்வார்களா, பிரிந்து வாழ்வார்களா?

அவரிடம் அதற்கான கணினி நிரல் எதுவும் இல்லை. மகன் சேர்த்து வைத்திருந்த காசுகளை எடுத்தார். சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் இரண்டு வகைக் காசுகளைக் கலந்து பரப்பினார். சில கட்டங்களைக் காலியாக விட்டார். பிறகு ஒரே ஒரு விதியை வைத்தார். ஒரு காசைச் சுற்றியிருக்கும் எட்டுக் கட்டங்களில் உள்ள காசுகளில் மூன்றில் ஒரு பங்காவது அதன் வகையாக இருந்தால் போதும். அது இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்கும் குறைந்தால், தனக்கு ஏற்ற காலிக் கட்டத்தைத் தேடிப் போய்விடும்.

இந்த விதியில் வெறுப்பு ஏதும் இல்லை. அண்டைவீட்டாரில் மூன்றில் இரண்டு பங்கினர் வேற்று வகையினராக இருப்பதைக்கூட அந்தக் காசு ஏற்றுக்கொள்கிறது. 'முற்றிலும் தனித்துவிடக் கூடாது' என்பது மட்டுமே அதன் ஆசை. அப்படியானால் பலகை ஓரளவு கலந்தே இருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். நடந்ததோ வேறு. காசுகள் நகர நகர, ஒரு வகை ஒரு மூலையிலும் மறு வகை மறு மூலையிலுமாகக் கூட்டம் கூட்டமாக ஒதுங்கிவிட்டன.

காரணம் எளிது. ஒரு காசு இடம் மாறும்போது, அது விட்டுச்சென்ற இடத்தில் அதன் இனத்தவருக்கு ஒரு துணை குறைகிறது. எல்லைக்கோட்டில் தயங்கிக்கொண்டிருந்த இன்னொரு காசு அதனால் கிளம்புகிறது. போய்ச் சேர்ந்த இடத்திலோ, மறு வகையினரின் பங்கு குறைகிறது. அங்கும் ஒருவர் கிளம்புகிறார். ஒருவர் நகர்ந்தது பத்துப் பேரை நகர்த்துகிறது. பிற்காலத்தில் இதே விளையாட்டைக் கணினியில் ஓடவிட்டபோது, தம் இனத்தவர் 30 விழுக்காடு இருந்தாலே போதும் என்று விதி வைத்தாலும், ஆட்டம் ஓய்ந்தபின் ஒவ்வொருவரின் அக்கம்பக்கத்திலும் சராசரியாகச் சுமார் 70 விழுக்காட்டினர் தம் இனத்தவராகவே இருந்தனர். கேட்டது 30, கிடைத்தது 70. அந்த 70ஐ யாரும் கேட்கவில்லை.

ஷெல்லிங் இதனை 1969ஆம் ஆண்டில் சுருக்கமாகவும், 1971ஆம் ஆண்டில் விரிவான கட்டுரையாகவும் வெளியிட்டார். பாகுபாடே இல்லை என்றோ, இனப் பிரிவினைக்குத் தனி மனித விருப்பம் மட்டுமே காரணம் என்றோ அவர் வாதிடவில்லை. திட்டமிட்ட ஒதுக்கலும் பொருளாதார ஏற்றத்தாழ்வும் தனிக் காரணங்கள் என்று அவரே குறிப்பிட்டார். அவர் காட்டியது ஒன்றுதான். முடிவைப் பார்த்து நோக்கத்தை ஊகிக்கக் கூடாது. நோக்கம் நல்லது என்பதால் முடிவும் நல்லதாக இருக்கும் என்று நம்பியிருக்கவும் கூடாது. மோதலையும் ஒத்துழைப்பையும் பற்றிய ஆய்வுகளுக்காக 2005ஆம் ஆண்டில் ராபர்ட் ஆமனுடன் சேர்ந்து பொருளியல் நோபெல் பரிசு பெற்ற அவர், 2016ஆம் ஆண்டு டிசம்பரில் தமது 95ஆம் வயதில் காலமானார்.

முள்வேலிக்குள் ஒரு மாணவர்

ஷெல்லிங்கின் பெயர் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. ஆனால் அதே 1971ஆம் ஆண்டில், அதே ஆய்விதழின் அதே தொகுதியில், ஏறத்தாழ அதே பலகையைப் பற்றி வேறொருவரும் எழுதியிருந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் சகோடா. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்.

சகோடாவின் பலகை பிறந்த கதை வேதனையானது. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு, 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் தேதி அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையின் விளைவாக, மேற்குக் கரையோரம் வாழ்ந்த சுமார் 120,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடு வாசலை விட்டு முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்க மண்ணில் பிறந்த குடிமக்கள். பெர்க்லி பல்கலைக்கழக மாணவராக இருந்த சகோடாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். முகாமில் அடைக்கப்பட்டவர், அந்தப் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வுக்காக முகாம் வாழ்க்கையை உள்ளிருந்தே கவனித்துக் குறிப்பெடுத்தார்.

வேலிக்குள் இருந்தவர்கள் ஒரே இனத்தவர்தான். ஆனாலும் அமெரிக்க அரசாங்கத்தோடு ஒத்துழைப்பதா, எதிர்ப்பதா என்ற கேள்வியில் முகாமே பிளந்தது. 1943ஆம் ஆண்டில் விசுவாசத்தைச் சோதிக்கும் கேள்வித்தாள் வந்தபோது பிளவு முற்றியது. நேற்று வரை ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் முகம் பார்க்காமல் ஒதுங்கினர். குழுக்கள் எப்படிச் சேர்கின்றன, எப்படி விலகுகின்றன என்பதைச் சகோடா கண்ணெதிரே பார்த்தார்.

1949ஆம் ஆண்டில் அவர் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டிலேயே சதுரங்கப் பலகை மாதிரி இடம்பெற்றுவிட்டது. ஷெல்லிங்கின் காசுகளுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே! அவருடைய காய்கள் ஒவ்வொன்றும் தன் குழுவிடமும் மறு குழுவிடமும் விருப்பமோ வெறுப்போ கொண்டிருக்கலாம். இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். அந்த மனநிலைக்கு ஏற்ப ஒவ்வொரு காயும் இடம் தேடி நகரும். அவர் கண்ட முடிவுகளில் ஒன்று கவனிக்கத்தக்கது. தம்மவர் மீது தனிப் பற்று எதுவும் இல்லாவிட்டாலும், அடுத்தவர் மீது சந்தேகம் மட்டும் இருந்தால் போதும். இரு குழுக்களும் தனித்தனியே ஒதுங்கிவிடுகின்றன.

பின்னாளில் பிரவுன் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, சமூக அறிவியலுக்குக் கணினியைக் கொண்டுவர உழைத்த அவர் 2005ஆம் ஆண்டில் மறைந்தார். ஷெல்லிங் நோபெல் பரிசு பெற்ற அதே ஆண்டு அது. சகோடாவின் பங்கு என்ன என்பதை ஆய்வுலகம் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது அதற்கும் பிறகுதான்.

பலகையிலிருந்து அடுக்குமாடிக்கு

கட்டத்தில் காசு நகர்வதும் ஊரில் குடும்பம் நகர்வதும் ஒன்றா? சிங்கப்பூரின் அனுபவம் இந்தக் கேள்விக்கு உயிர் கொடுக்கிறது.

கம்பங்களிலும் கடைவீடுகளிலும் இனவாரியாக வாழ்ந்த மக்களை வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகள் ஒரே தளத்துக்குக் கொண்டுவந்தன. ஆனால் மறுவிற்பனைச் சந்தை வளர்ந்தபோது, 1980களின் இறுதியில் அதிகாரிகள் ஒன்றைக் கவனித்தனர். பிடோக், தெம்பனிஸ் வட்டாரங்களில் மலாய்க் குடும்பங்களும், ஹவ்காங்கில் சீனக் குடும்பங்களும் கூடுதலாகச் சேர்ந்துகொண்டிருந்தன. யாரும் உத்தரவு போடவில்லை. பெற்றோர் வீட்டுக்கு அருகில் ஒரு வீடு, பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ நடந்து போகும் தூரத்தில் ஒரு வீடு என்று குடும்பங்கள் தேடுவதில் தவறு ஏது? ஆனால் அத்தகைய தேர்வுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் ஒரு வட்டாரத்தின் முகமே மாறிவிடும்.

அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த எஸ். தனபாலன் அறிவித்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989ஆம் ஆண்டு மார்ச்சில் நடப்புக்கு வந்தது. ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வொரு வட்டாரத்திலும் இன்னின்ன இனத்தவர் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பு விதிக்கப்பட்டது. புளோக் அளவில் சீனருக்கு 87 விழுக்காடு, மலாய்க்காரருக்கு 25 விழுக்காடு. இந்தியருக்கும் மற்றவருக்கும் 13 விழுக்காடாக இருந்த வரம்பு 2010ஆம் ஆண்டில் 15 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

சிங்கப்பூர் அனுபவத்தையும் ஷெல்லிங்கின் காசுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தனித்தனித் தேர்வுகள் தாமாகவே கலந்த சமுதாயத்தைத் தந்துவிடமாட்டா என்ற ஒரே பாடம் இரண்டிலும் தெரிகிறது. ஆனால் விதியை மாற்றுவதற்கும் ஒரு விலை உண்டு. சீனருக்கான வரம்பு நிரம்பிய புளோக்கில் வீடு வைத்திருக்கும் இந்தியரோ மலாய்க்காரரோ அதனைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் வட்டம் சுருங்குகிறது, விற்பதற்கு நாளாகிறது, விலையும் இறங்கக்கூடும். பலகையில் ஒரு காசு நகர முடியாமல் நிற்பது வேறு. ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு அப்படி நிற்பது வேறு. நெடுநாளாக எழுந்துவந்த இந்த மனக்குறையை அடுத்து, விற்க முடியாமல் தவிக்கும் சில உரிமையாளர்களின் வீடுகளைக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. கலந்து வாழ்வதன் பயன் எல்லாருக்கும் உரியது என்றால், அதன் செலவும் சிலர் தலையில் மட்டும் விழக்கூடாது அல்லவா?

காசுக்கு நினைவாற்றல் வந்தது

ஷெல்லிங்கின் காசுக்கு நேற்று நடந்தது நினைவில் இருக்காது. கணினி வளர வளர, முகவருக்கு நினைவும் வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஆக்சல்ராட் 1980ஆம் ஆண்டை ஒட்டி ஒரு போட்டி நடத்தினார். இரண்டு நிரல்கள் மோதும். ஒவ்வொரு சுற்றிலும் ஒத்துழைக்கலாம், அல்லது ஏமாற்றலாம். ஏமாற்றுபவருக்கு அந்தச் சுற்றில் ஆதாயம். இருவரும் ஏமாற்றினால் இருவருக்கும் நட்டம். வல்லுநர்கள் 14 நிரல்களை அனுப்பினர். வென்றது அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல். முதலில் ஒத்துழைப்பது, பிறகு எதிராளி கடைசியாகச் செய்ததையே திருப்பிச் செய்வது என்ற இரண்டே விதிகள்தான் அதில் இருந்தன. முடிவை அறிவித்துவிட்டு நடத்திய இரண்டாம் போட்டிக்கு 62 நிரல்கள் வந்தன. அதிலும் அதே நிரல்தான் வென்றது. நல்லவனாகத் தொடங்கு, ஏமாளியாக இராதே, பகையை நீட்டாதே என்ற மூன்று பாடங்களைக் கணினி சொல்லித் தந்தது.

1987ஆம் ஆண்டில் கிரெய்க் ரெனால்ட்ஸ் பறவைக் கூட்டத்தைக் கணினியில் பறக்கவிட்டார். கூட்டத்துக்குத் தலைவன் இல்லை. அருகில் இருப்பவரோடு மோதாதே, அவர்கள் போகும் திசையில் போ, கூட்டத்தை விட்டு விலகாதே என்ற மூன்று விதிகள் மட்டுமே. திரையில் உண்மையான பறவைக் கூட்டமே வளைந்து திரும்புவது போலிருந்தது. 1992ஆம் ஆண்டில் வெளிவந்த 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தின் வௌவால் கூட்டம் இந்த முறையில் உருவானதுதான்.

1996ஆம் ஆண்டில் ஜோஷுவா எப்ஸ்டைனும் ராபர்ட் ஆக்ஸ்டெலும் சர்க்கரை விளையும் ஒரு கற்பனை நிலத்தைக் கணினியில் அமைத்தனர். முகவர்கள் சர்க்கரையைத் தேடித் தின்று, மீந்ததைச் சேர்த்து வைப்பார்கள். சிலருக்குப் பார்வை கூர்மை, சிலருக்குப் பசி குறைவு, வேற்றுமை அவ்வளவே. சற்று நேரத்தில் ஒரு சிலரிடம் பெரும் செல்வம் குவிந்தது. பெரும்பாலோர் ஏழைகளாக நின்றனர். ஏழை, பணக்காரர் என்ற பிரிவை நிரலில் எவரும் எழுதி வைத்திருக்கவில்லை.

மாதிரி என்பது ஆரூடம் அன்று

இத்தகைய மாதிரிகள் பிறகு உயிர் காக்கும் வேலைக்கும் வந்தன. பறவைக் காய்ச்சல் அச்சம் நிலவிய 2005ஆம் ஆண்டில், லண்டன் இம்பீரியல் கல்லூரியின் நீல் ஃபெர்குசன் தலைமையிலான குழு, தாய்லாந்திலும் அதன் எல்லையோரங்களிலும் வாழும் 85 மில்லியன் பேரைக் கணினியில் உருவாக்கி, நோய் முளைத்த இடத்திலேயே அதனைத் தடுக்க முடியுமா என்று சோதித்தது. அந்தப் பரம்பரையில் வந்த மாதிரிதான் 2020ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி உலகையே உலுக்கியது. கொரோனா கிருமிக்கு எதிராக எதுவுமே செய்யாமல் இருந்தால் பிரிட்டனில் 510,000 பேரும் அமெரிக்காவில் 2.2 மில்லியன் பேரும் மாண்டுபோகலாம் என்றது அது.

'எதுவுமே செய்யாமல் இருந்தால்' என்ற முன்பகுதியைப் பலர் மறந்துவிட்டனர். மக்கள் வீட்டுக்குள் முடங்கிய பிறகு அந்த எண்ணிக்கை வரவில்லை என்று காட்டி, கணக்கே தவறு என்றவர்களும் உண்டு. முகவர் மாதிரி சோதிடம் சொல்வதில்லை. இந்த விதிகளை வைத்தால் இந்த விளைவு வரும் என்று மட்டுமே அது சொல்லும். விதி மாறினால் விளைவும் மாறும். அதில் இட்ட ஊகம் தவறானால் முடிவும் தவறாகும். இதை மறந்து மாதிரியைக் கும்பிடுவதும் தவறு. வெறும் விளையாட்டு என்று தள்ளுவதும் தவறு.

அண்டைவீட்டாரைத் தேடித்தரும் மென்பொருள்

1990களில் முகவர் என்ற சொல் இன்னொரு பாதையிலும் நடந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வுக்கூடத்தில் பேட்டி மேஸ் என்ற பேராசிரியர், மனிதருக்கு உதவியாளராக வேலை செய்யும் மென்பொருள் முகவர்களை உருவாக்கினார். செய்தி வெள்ளத்தில் மூழ்கும் மனிதருக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கித் தருவது அவற்றின் பணி. 1994ஆம் ஆண்டில் அங்கே பிறந்த 'ரிங்கோ' என்ற ஏற்பாட்டில், ஒருவர் தமக்குப் பிடித்த இசைக் கலைஞர்களுக்கு மதிப்பெண் கொடுத்து மின்னஞ்சலில் அனுப்பலாம். ஏறக்குறைய அதே மதிப்பெண் கொடுத்த மற்றவர்களைத் தேடிப்பிடித்து, அவர்கள் விரும்பும் இசையை இவருக்கு அது பரிந்துரைக்கும். அதிலிருந்து வளர்ந்த 'ஃபயர்ஃபிளை' நிறுவனத்தை 1998ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் வாங்கியது.

இப்படி ரசனையால் ஒத்தவர்களைக் கணினித் துறையினர் 'அண்டைவீட்டார்' என்றே அழைக்கின்றனர். ஷெல்லிங்கின் பலகையில் காசு எழுந்து தன் இனத்தவரைத் தேடிப் போனது. இங்கோ மனிதர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவரைப் போன்றவர்கள் அவரைச் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்தப்படுகின்றனர். வீடு மாறும் சிரமம்கூட இல்லை.

2006ஆம் ஆண்டில் மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு, இணையத்தில் விருப்பம் எப்படித் தொற்றுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டியது. அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை ஓர் இணையத்தளத்தில் வைத்தனர். 14,341 பேர் வந்து கேட்டனர். ஒரு பகுதியினர் தாமே கேட்டுத் தேர்ந்தெடுத்தனர். மற்றவர்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத எட்டு 'உலகங்களில்' பிரித்து விடப்பட்டனர்; தத்தம் உலகில் ஒவ்வொரு பாட்டையும் எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். மிக நல்ல பாடல்கள் பெரும்பாலும் தோற்கவில்லை. மிக மோசமானவை பெரும்பாலும் வெல்லவில்லை. நடுவில் உள்ளவற்றின் தலையெழுத்தோ உலகுக்கு உலகு மாறியது. ஓர் உலகில் முதலிடம் பிடித்த பாட்டு இன்னோர் உலகில் 40ஆம் இடத்தில் கிடந்தது. முதலில் வந்த சிலரின் தேர்வைப் பின்வந்தவர்கள் பார்த்தனர். அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள் தேர்ந்தெடுத்தனர். சிறு துளி வெள்ளமானது. ஆனால் எந்தத் துளி வெள்ளமாகும் என்பது முன்கூட்டியே முடிவானதல்ல.

மனிதரே முகவரானபோது

ஃபேஸ்புக் 2004ஆம் ஆண்டில் தொடங்கியது. நண்பர்களின் செய்திகளைத் திரட்டி ஒரே பக்கத்தில் காட்டும் வசதியை 2006ஆம் ஆண்டு செப்டம்பரில் அது அறிமுகப்படுத்தியது. 2009ஆம் ஆண்டில் 'லைக்' பொத்தான் வந்தது. எதை மேலே காட்டுவது, எதைக் கீழே தள்ளுவது என்பதை மென்பொருள் முடிவு செய்யும் காலம் பிறந்தது.

2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை பலரைத் திடுக்கிட வைத்தது. 2012ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு வாரம், 689,003 பயனீட்டாளர்களின் பக்கங்களில், சிலருக்கு மகிழ்ச்சியான பதிவுகளையும் சிலருக்குச் சோகமான பதிவுகளையும் ஃபேஸ்புக் குறைத்துக் காட்டியிருந்தது. மகிழ்ச்சி குறைக்கப்பட்டவர்கள் எழுதியதிலும் மகிழ்ச்சிச் சொற்கள் குறைந்தன. விளைவு மிகச் சிறியதுதான். ஆனால் அந்த மனிதர்களுக்குத் தாங்கள் சோதனையில் இருக்கிறோம் என்பதே தெரியாது. காசுகளையும் கற்பனை மனிதர்களையும் வைத்து நடந்த ஆய்வு, உண்மை மனிதர்களையே பலகையில் வைத்துவிட்டது என்று கண்டனம் எழுந்தது. காசிடம் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. மனிதரிடம் கேட்க வேண்டும் அல்லவா?

அதன் பிறகு கற்பனை முகவர்கள் பேசவும் கற்றுக்கொண்டனர். 2023ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினரும் கூகல் ஆய்வாளர்களும், உரையாடும் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு 25 முகவர்கள் வாழும் சிற்றூர் ஒன்றை உருவாக்கினர். காதலர் தின விருந்து வைக்கும் எண்ணத்தை ஒரே ஒரு முகவருக்கு மட்டும் கொடுத்தனர். செய்தி வாய்வழியே பரவியது. 12 பேர் அழைக்கப்பட்டனர். ஐவர் விருந்துக்கு வந்து சேர்ந்தனர்.

2025ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் அத்தகைய முகவர்களைக் கொண்டு ஒரு சமூக வலைத்தளத்தையே உருவாக்கினர். விருப்பத்தைத் தூண்டிவிடும் பரிந்துரை மென்பொருள் எதையும் அதில் அவர்கள் வைக்கவில்லை. பதிவிடலாம், பகிரலாம், பின்தொடரலாம், அவ்வளவே. அப்படியிருந்தும் முகவர்கள் கருத்தால் ஒத்தவர்களோடு கூட்டம் சேர்ந்தனர். ஒரு சிலரின் குரலே ஓங்கி ஒலித்தது. வலைத்தள நிறுவனங்களை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது என்பதற்கு இது ஓர் அறிகுறி. எனினும் இதுவும் ஒரு மாதிரிதான், ஆரூடம் அன்று.

ஒரு விதியை மாற்றினால் போதும்

அப்படியானால் பிரிந்து கிடப்பதுதான் மனித விதியா? இந்த வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 2014ஆம் ஆண்டில் வீ ஹார்ட், நிக்கி கேஸ் என்ற இருவர் ஷெல்லிங்கின் பலகையை எவரும் விளையாடிப் பார்க்கும் வடிவில் இணையத்தில் வெளியிட்டனர். காசுகளுக்குப் பதிலாக முக்கோணங்களும் சதுரங்களும். பழைய விதியோடு இன்னொரு விதியை அவர்கள் சேர்த்தனர். தனித்துவிட்டால் வருந்துவது போலவே, சுற்றிலும் ஏறக்குறைய எல்லாரும் தன்னைப் போலவே இருந்தாலும் அந்தக் காய் இடம் மாற விரும்பும். ஏற்கெனவே பிரிந்து கிடந்த பலகை மெல்ல மெல்லக் கலந்தது.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. பிரிந்துபோன பலகையில், 'தனித்துவிடக் கூடாது' என்ற பழைய ஆசையைக் காய்கள் கைவிட்டால் மட்டும் போதாது. பிரிவு அப்படியே நிலைத்திருக்கும். ஏனெனில் எவருக்கும் நகரக் காரணம் இல்லை. வெறுப்பு ஒழிந்துவிட்டது என்று சும்மா இருப்பது கலந்து வாழ்வதற்குச் சமமாகாது. கலந்து வாழ விரும்புவோர் அதனைக் கொஞ்சமாவது தேடியாக வேண்டும்.

சகோடா முள்வேலிக்குள் கண்டது சந்தேகத்தின் விளைவு. ஷெல்லிங் மேசையில் கண்டது இலேசான விருப்பத்தின் விளைவு. 2014ஆம் ஆண்டின் முக்கோணங்களும் சதுரங்களும் காட்டியது இலேசான மன விரிவின் விளைவு. மூன்றிலும் பலகை ஒன்றுதான். வேற்றினத்து அண்டைவீட்டாரின் கதவைத் தட்டி ஒரு தட்டு முறுக்கு கொடுப்பதும், தமக்குப் பிடிக்காத கருத்தைச் சொல்பவரைச் சமூக வலைத்தளத்தில் விலக்காமல் ஒருமுறை கேட்டுப் பார்ப்பதும் மிகச் சிறிய செயல்கள்தான். ஆனால் ஐம்பது ஆண்டுக்கும் மேலான இந்த ஆய்வு வரலாறு திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றே: பலகையின் முகத்தை மாற்றுவது அத்தகைய சிறிய நகர்வுகள்தாம்.